சைக்கிளை அறுத்துச் செய்த கால்

என்னோடு எங்காவது ஒரு வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்குத் தெரியும், வாசலில் நான் கொஞ்சம் தாமதிப்பேன். கால் வலி என்று நினைத்து ஓடிவந்து கை கொடுப்பீர்கள். வலி உண்டுதான். ஆனால் நான் நிற்பது அந்த வீட்டு இரும்புக் கேட்டைப் பார்ப்பதற்கு. இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் பற்றவைத்த ஒட்டு உள்ளே இறங்கியிருக்கிறதா, இல்லை மேலே எச்சில் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பேன். பெரும்பாலும் எச்சில்தான். கிழவிக்கு என்ன தெரியும் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஒரு ஒட்டு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை முகம் மண்ணில் மோதித் தெரிந்துகொண்டவள் நான்.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் எல்லாரும் மரவள்ளிக் கிழங்கில்தான் தொடங்குகிறோம். பிறகு சாக்கை வெட்டித் தைத்த சட்டை, சொறி, சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பாத சித்தப்பாக்கள். எங்கள் வீட்டிலும் இதெல்லாம் உண்டு. ஆனால் எனக்கு அந்தக் காலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு. ஊரே விழுந்து கிடந்த காலத்தில் நான் எழுந்து நின்றேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் என் இடது காலை எடுத்துக்கொண்டு போனது. இளம்பிள்ளை வாதம். கால் இருந்தது, ஆனால் ஈரத்துணி மாதிரி இருந்தது. சண்டைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார நர்ஸ், சிங்கப்பூரில் காலைச் சுற்றி மாட்டுகிற இரும்புக் கால் செய்து தருவார்கள், எழுதிப் போடுகிறேன் என்றாராம். போட்டாரா இல்லையா தெரியாது. சிங்கப்பூரே விழுந்துவிட்டது. நான் உட்கார்ந்தபடியே தரையில் நகர்ந்து வீட்டுக்குள் போய்வருவேன். வெளியே என்றால் அப்பாவின் தோள்.

அப்பா மலாக்கா டவுனில் ஒரு மோட்டார் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் வந்ததும் பட்டறை மூடிவிட்டது. காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டின் பின்பக்கம் ஒரு துத்தநாகத் தகட்டைக் கூரையாகச் சாய்த்து, அதன் கீழே அப்பா சொந்தமாக உலை போட்டார். கேஸ் கிடையாது, கார்பைட் கிடையாது. கரி மட்டும்தான். உடைந்து கிடந்த லாரியின் தோல் இருக்கையைக் கிழித்துத் தைத்ததுதான் துருத்தி. அதை மிதிப்பது அம்மா. ஓட்டை விழுந்த சட்டி, தேய்ந்த மண்வெட்டி, உடைந்த பாராங் கத்தி என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவருவார்கள். கூலிக்குக் கிழங்கோ கீரையோ தருவார்கள்.

பக்கத்து வீடு செட்டி வீடு. மலாக்காச் செட்டிகளை உங்களுக்குத் தெரியும். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய் இருக்கும். அந்த வீட்டு அம்மாவை நான் மக்சிக் என்பேன். மலாயில் அத்தை மாதிரி. கெபாயாச் சட்டையோடு வேலியைத் தாண்டி வந்து, எனக்கு ஏதாவது தின்னக் கொடுத்துவிட்டுத்தான் அம்மாவிடம் பேசத் தொடங்குவார். அம்மா அரைகுறை மலாயில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் எப்படித்தான் அவ்வளவு நேரம் பேசினார்களோ.

அம்மாவின் அண்ணன், என் மாமா, தெங்கேராவில் கடலோரமாகக் குடியிருந்தார். கருவாட்டு வியாபாரம். ஒருநாள் கருவாடு வாங்கிவர அப்பா கிளம்பினார். நானும் வருவேன் என்று அழுதேன். தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.

தெங்கேராவுக்குத் திரும்பும் முச்சந்தியில் ஜப்பான் சிப்பாய் நிற்பான். அவனைக் கடக்கும்போது நின்று குனிய வேண்டும். அப்பா நின்றார், குனிந்தார். ஆனால் தோளில் நான் இருந்தேனே, எவ்வளவுதான் குனிய முடியும்? அவர் குனிந்த பிறகும் என் தலை அந்தச் சிப்பாயின் தொப்பிக்கு மேலே இருந்தது. அவன் தன் மொழியில் கத்தினான். அப்பா என்னைக் கீழே இறக்கினார். இறக்கினால் நான் நிற்பேனா? அப்படியே மடிந்து உட்கார்ந்தேன். மரியாதை தெரியாமல் வேண்டுமென்றே உட்காருகிறேன் என்று நினைத்திருப்பான்.

"சாக்கிட், சாக்கிட்" என்றார் அப்பா. பிள்ளைக்கு நோய் என்று மலாயில்.

அறை விழுந்தது. அப்பா என்னைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். நான் மறுபடியும் மடிந்தேன். இன்னொரு அறை. எனக்கு வலிக்கவில்லை, விழுந்ததெல்லாம் அப்பாவின் கன்னத்தில்தான். ஆனால் ஒவ்வொரு அறையும் என் காலுக்காக விழுகிறது என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது.

கருவாடு வாங்காமலே திரும்பினோம். சேதி தெரிந்து மாலையில் மாமா சைக்கிளில் வந்தார்.

"நொண்டிப் புள்ளைய ரோட்டுல தூக்கிக்கிட்டுப் போனா இப்படித்தான் மாப்ள நடக்கும். ஆள் புடிக்கிற காலம். ஒங்களயும் சயாமுக்கு ஏத்திட்டான்னா இதுங்க ரெண்டுக்கும் யாரு? புள்ளைய எஸ்டேட்டுல சொந்தக்காரங்க வீட்டுல விட்டுருங்க. லயத்து வீட்டு உள்ளாறயே கெடக்கட்டும்."

மாமா கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்தக் காலத்தில் பயத்துக்கும் பாசத்துக்கும் ஒரே குரல்தான் இருந்தது.

அப்பா வீங்கின கன்னத்தோடு உலைப்பக்கம் போய் நின்றார். "அவ எங்கயும் போமாட்டா மச்சான். நிப்பா" என்றார்.

அடுத்த நாளே தொடங்கினார். முதல் கால், கட்டில் சட்டத்து இரும்பில். பெரிய ஆள் படுக்கிற கட்டில் தாங்குகிற இரும்பு, சின்னப் பிள்ளையைத் தாங்காதா என்பது அவர் கணக்கு. தாங்கும். ஆனால் அதை நான் தாங்க வேண்டுமே! காலை இழுத்து ஓர் அடி வைப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. அதிலும் கணுக்கால் பக்கம் ஈயப்பற்று வைத்திருந்தார். இரண்டாம் நாளே பிரிந்துகொண்டது. தெரிந்துகொள்ளுங்கள், ஈயம் ஒழுகுகிற பாத்திரத்துக்குத்தான். கனம் தாங்குகிற இடத்தில் அதை நம்பக் கூடாது. அப்பாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். பித்தளை கிடைக்கவில்லை, அவசரம். அவ்வளவுதான்.

இரண்டாவது கால், லாரியின் வில் பட்டையில். அடித்து மெல்லியதாக்கி, அழகாகச் செய்திருந்தார். லேசாகவும் இருந்தது. முழங்காலுக்குப் பக்கத்தில் வளைத்த சூட்டோடு தண்ணீரில் முக்கினார். சுர்ரென்று சத்தம் வந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. நான் முற்றத்தில் எழுந்து நின்றேன். முதல் முறையாக மக்சிக்கின் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கத்தரிச் செடி இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது பட்டை கண்ணாடி மாதிரி உடைந்தது.

முகம் மண்ணில் மோதி உதடு கிழிந்தது. அம்மா துருத்தியை விட்டு ஓடிவந்து என்னைத் தூக்கினாள். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவள் அப்பாவை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"இது என்னா லாரியா? கட்டிலா? நம்ம புள்ளங்க! இரும்பத்தான் பாக்குறீங்க, இவள என்னைக்காச்சும் பாத்தீங்களா? எலும்பு எப்படி இருக்கு? உள்ள குழாயா, லேசாத்தானே இருக்கு? அப்படி ஒண்ணு தேடுங்க!"

அப்பா நெடுநேரம் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வில் இரும்பைச் சிவக்கச் சிவக்கத் தண்ணீரில் போட்டால் கடினமாகும், கூடவே நொறுங்கவும் தொடங்கும். வளைகிற வேலைக்கு அது ஆகாது. பிறகு அவர் பார்வை விறகுக் கட்டைகளுக்குப் பின்னால் போனது. சிப்பாய்கள் பிடுங்கிவிடுவார்கள் என்று அங்கேதான் அவருடைய சைக்கிளை ஒளித்து வைத்திருந்தார்.

ஜப்பான் காலத்தில் சைக்கிள் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டயருக்குப் பதில் தோட்டத்து ரப்பர் குழாயைச் சுற்றி ஓட்டிய காலம். சிப்பாய் நிற்காத வழியாக வெளியே வேலைக்குப் போய்வர அப்பாவுக்கு இருந்தது அது ஒன்றுதான். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்களை, சைக்கிள் கடையில் போர்க்கு என்பார்களே, அதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு குழாய். மேலே தடிமன், கீழே ஒடுக்கம். நடுவில் ஒரு சின்னக் கால் நுழைகிற இடைவெளி. கீழே சக்கரத்து அச்சு மாட்டுகிற வெட்டு. அம்மாவும் அதைத்தான் பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"அத அறுத்துட்டா நீங்க எப்படிங்க வேலைக்குப் போவீங்க?"

"எனக்கு ரெண்டு காலு இருக்குல்ல" என்றார் அப்பா.

அறுக்க அறுக்க அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் திருப்பிக்கொள்ளவில்லை. எனக்குக் கால் வருகிறதே, நான் ஏன் திருப்பிக்கொள்ள வேண்டும்?

குழாயின் முனை முன்பக்கமாக வளைந்திருக்கும், அதை நேராக்க வேண்டும். வெறும் குழாயைச் சூடாக்கி வளைத்தால் நடுவில் நசுங்கிப் போகும். உள்ளே மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு பக்கமும் மரக்கட்டையால் அடைத்த பிறகுதான் வளைக்க வேண்டும். அந்த மணலில் துளி ஈரம் இருந்தாலும் ஆவி கிளம்பி அடைப்பைத் துப்பாக்கி மாதிரி வெடிக்க வைத்துவிடும். அதனால் அம்மா மணலைச் சட்டியில் போட்டு, கடலை வறுக்கிற மாதிரியே கிளறிக் கிளறி வறுத்தாள். வீட்டில் கடலை இருந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. மக்சிக் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, என்ன பலகாரம் என்று மலாயில் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டு ஒரு கரண்டி மணலைத் தூக்கிக் காட்டினாள்.

போர்க்கின் நீளம் போதவில்லை. தொடை வரைக்கும் எட்ட வேண்டும். பின்சக்கரத்துக் குழாயிலிருந்து இரண்டு துண்டு அறுத்துச் சேர்த்தார். இந்த ஒட்டுதான் விஷயம். முனையோடு முனை வைத்து ஒட்டினால் நிற்காது. இரண்டு குழாய்க்கும் உள்ளே போகிற மாதிரி ஒரு கம்பித் துண்டைச் செருகி, அதன் மேல் இரண்டையும் கொண்டுவந்து சேர்த்துத்தான் பற்றவைக்க வேண்டும். சேர்கிற இடத்தில் வெள்ளி மாதிரி மின்னும் வரை தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு விரல் படக் கூடாது, விரலில் இருக்கிற எண்ணெயே போதும் பற்றைக் கெடுக்க. நான் ஆசையாகத் தொடப் போனபோது அப்பா என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பித்தளைக்கு என்ன செய்வது? பித்தளை இல்லை என்று அம்மா சொன்னதைக் கேட்டதும் மக்சிக் தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் அவருடைய வெற்றிலைப் பெட்டியின் மூடி. பூவும் கொடியும் செதுக்கிய பழைய மூடி. அம்மா வாங்க மாட்டேன் என்றாள். வெற்றிலை போடப் பெட்டி போதும், மூடி எதற்கு என்று சொல்லி அவர் உலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பித்தளை ஓடிப் பிடிக்க வெங்காரம் வேண்டும். அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. எனக்கு வாய்ப்புண் வந்தால் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவ அம்மா வைத்திருந்த கட்டி.

அம்மா துருத்தியை மிதித்தாள். அப்பா இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பித்தளையைச் சூடாக்கக் கூடாது, இரும்பைச் சூடாக்க வேண்டும். இரும்பு தயாராகிவிட்டால் பித்தளை தானாக அதைத் தேடிப் போகும். எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. வெங்காரம் கண்ணாடியாக உருகிப் பரவியது, மூடியிலிருந்து வெட்டிய துண்டு ஒரு கணம் மினுங்கியது, பிறகு காணவில்லை. தாகத்தோடு இருந்தவன் தண்ணீரைக் குடித்த மாதிரி ஒட்டு அதைக் குடித்துவிட்டது.

அப்பாவின் கை பழக்கத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது.

"வேணாம்" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். சாம்பலைக் குவித்து அதற்குள் புதைத்தார். "தூங்கட்டும்" என்றார். மறுநாள் விடிந்த பிறகுதான் எடுத்தோம்.

தொடையைச் சுற்றி ஒரு வளையம், உள்ளே அப்பாவின் பெல்ட்டைப் பிளந்து வைத்த தோல். முழங்காலை மடங்காமல் பிடிக்க இன்னொரு தோல் பட்டை. கீழே, மரப் பலகையில் செய்த செருப்பின் குதிகாலைத் துளைத்து, அதன் வழியாகச் சைக்கிளின் முன் அச்சையே செருகி மாட்டினார். சக்கரம் சுற்றிய இடத்தில் என் குதிகால் அசைந்தது. ஓரங்கள் எல்லாவற்றையும் அரத்தால் உருட்டிவிட்டு, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். கன்னத்தில் கீறாவிட்டால் பிள்ளையின் தோலிலும் கீறாது என்பார்.

துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினேன். விழுந்தேன், நிறைய. ஆனால் விழுந்தது நான். அந்தக் கால் விழவில்லை. கணீர் கணீரென்று அது போடும் சத்தத்துக்கு மக்சிக் வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் கூடிவிடுவார்கள். "போலே ஜாலான்! போலே ஜாலான்!" என்று கத்துவார்கள். நடக்க முடிகிறது, நடக்க முடிகிறது! நான் ராணி மாதிரி தலையைத் தூக்கிக்கொள்வேன். தலையைத் தூக்கினால் விழுவேன். பிறகு மறுபடியும் எழுவேன்.

ஒருநாள் காலையில் அப்பா சொன்னார், "வா, தெங்கேராவுக்குப் போயிட்டு வருவோம்."

அம்மா தனக்கு வேலை இருக்கிறது என்று வீட்டிலேயே நின்றுவிட்டாள். ஒரு வேலையும் இல்லை. அந்த முச்சந்தியை அவளால் பார்க்க முடியாது, அதுதான்.

வழியில் எத்தனையோ இடத்தில் நின்றோம். முச்சந்தி வந்தது. அதே சிப்பாயா, வேறு ஒருவனா, எனக்குத் தெரியாது. பயத்தில் எல்லா முகமும் ஒன்றாகத்தான் இருந்தது. அப்பா என் கையை விட்டார். இருவரும் குனிந்தோம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி நான் அவ்வளவு ஆழமாகக் குனிந்து, விழாமல் நிமிர்ந்தேன்.

அவன் போகச் சொல்லவில்லை. என் காலையே பார்த்தான். பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான். கண்ட சைக்கிளை எல்லாம் சிப்பாய்கள் பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. இது எதை அறுத்துச் செய்தது என்று தெரிந்தால்? சிப்பாய் விரல் முட்டியால் குழாயைத் தட்டினான். ஒட்டு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு இரண்டு பக்கமும் பிடித்து ஓர் அசைப்பு அசைத்தான். அசையவில்லை. ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து, போ என்று கையை ஆட்டினான்.

முச்சந்தி கண்ணுக்கு மறைந்ததும் அப்பா என் தலையில் கைவைத்தார்.

"நல்லா நின்னே. ஆனா இனிமே அவ்ளோ ஆழமாக் குனியாதே ஆத்தா. கொஞ்சமாக் குனிஞ்சா போதும்."

நான் கெட்டிக்காரியாகச் செய்ததை ஏன் குறைக்கச் சொல்கிறார் என்று அன்று எனக்குக் கோபம். மகள் வாழ்க்கையில் முதல் முறையாக ஊர் நடுவில் எழுந்து நின்றது ஒரு சிப்பாய்க்குக் குனிவதற்கா என்று அவர் நெஞ்சு வெந்திருக்கும். அது எனக்குப் புரிய நான் பிள்ளை பெற வேண்டியிருந்தது.

தெங்கேராவில் நான் நேரே கடலுக்குப் போனேன். இரும்போடு தண்ணீரில் இறங்கினேன். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும் என்று அப்பாவை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனால் அவர் கத்தவில்லை. அலை வந்து போகும் வரை காத்திருந்து, பிறகு மாமா வீட்டுக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் பூசினார். மாமா பார்த்துக்கொண்டே நின்றார். மாமாவின் சைக்கிளை அதற்கு முந்தின வாரம்தான் சிப்பாய்கள் ரோட்டில் மறித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"பைத்தியக்காரத்தனமா அறுக்குறீங்கன்னு நெனச்சேன் மாப்ள. எவனும் புடுங்க முடியாத எடத்துல கொண்டுபோய் மாட்டிட்டீங்க" என்றார்.

அதன் பிறகு மாமா சும்மா இருந்தாரா? தெங்கேரா முழுக்க என்னை அழைத்துப் போய், "எங்க மாப்ள செஞ்சது" என்று காட்டினார். அந்தச் சிப்பாய் ஏன் தடவிப் பார்த்தான் என்பதில் மட்டும் கடைசி வரை இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவன் சைக்கிள் வாசனை பிடித்தான், தப்பித்தோம் என்பார் மாமா. இல்லை, அவன் ஊரில் கொல்லனாக இருந்தவன், நல்ல ஒட்டைக் கண்டான், விட்டுவிட்டான் என்பார் அப்பா. அறைந்த கூட்டத்தைச் சேர்ந்தவனுக்கு அப்பா அவ்வளவு மரியாதை கொடுத்தது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவன் அசைத்துப் பார்த்ததும், அது அசையாததும் உண்மை. அது எனக்குப் போதும்.

நான் வளர வளர அப்பா அந்தக் காலுக்கும் துண்டு சேர்த்து வளர்த்தார். வெள்ளைக்காரன் திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் புதுசு கொடுத்த பிறகு, பழையதைப் புக்கிட் காதில் பக்கம் ஒரு பையனுக்குக் கொடுத்தோம். அவனிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு எங்கே போனதோ. ஒட்டு விட்டிருக்காது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அன்று மாலை திரும்பி வந்ததை இன்னும் சொல்லவில்லை. தொடையில் தோல் உரிந்து எரிந்தது. தூக்கிக்கொள்ளவா என்று அப்பா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வேண்டாம் என்றேன். எங்கள் சந்து முனையில் திரும்பும்போதே என் காலின் சத்தம் கேட்டிருக்கிறது. அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்கு வீடு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வலியில் சுருங்கிய என் முகத்தைப் பார்த்துவிட்டு, மக்சிக் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னைத் தூக்க ஓடிவந்தார்.

அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. அவளே வரட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

அம்மா தமிழில்தான் சொன்னாள். தமிழ் தெரியாத மக்சிக் கையை இறக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் சந்து முழுக்க நடந்து, அந்த இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.